பைக்கின் பின் ஷாக்கை மாற்றுவது எப்படி: அளவெடுப்பது முதல் செட்டிங் வரை முழுமையான வழிகாட்டி

பின் ஷாக்கை மாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் பொதுவாக முதலில் போவது கடைக்குத்தான். கேஸ் டப்பா வைத்த ஒரு ஜோடி கண்ணில் படுகிறது, பிடித்துப்போகிறது, வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில நாளில் "முன்னைவிட அதிகமா தூக்கிப் போடுது" என்று வந்து நிற்கிறார்கள். ஷாக் நல்லதாகவே இருக்கும். அதன் ஸ்பிரிங் அவர்கள் எடைக்கு ஏற்றதாக இருக்காது.

இங்கே சொல்லும் வரிசை வேறு. முதலில் வண்டியின் மற்ற கோளாறுகள், அடுத்து அளவு, பிறகு இருக்கிற ஷாக்கிலேயே செட்டிங். வாங்குவது அதற்குப் பிறகுதான். ஸ்ப்ளெண்டர், ஷைன், புல்லட், கிளாசிக் போன்ற இரட்டை ஷாக் வண்டிகளை வைத்தே எழுதியிருக்கிறேன். ஒற்றை ஷாக் வண்டிகளுக்கு எங்கே வேறுபடுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

1. ஷாக்கைத் தொடும் முன்

டயர் காற்றில் தொடங்குங்கள். ஒரு ஆள், இரண்டு ஆள் என்று தனித்தனியாக எவ்வளவு காற்று வேண்டும் என்பது செயின் கார்டிலோ பின் ஃபோர்க்கிலோ (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம்) ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் வண்டியோடு தந்த கையேட்டில் பாருங்கள். குடும்பத்தோடு பேச்சிப்பாறைக்குப் போகும்போது இரண்டு ஆளுக்கான காற்றை ஏற்றிவிட்டு, அடுத்த வாரம் முழுக்கத் தனியாக ஓட்டினால் ஒவ்வொரு சின்னப் பள்ளமும் முதுகெலும்புக்கு வரும். காலையில் டயர் சூடாகும் முன் பார்ப்பதே சரியான அளவு. பெட்ரோல் பங்க்குக்கு பங்க் மீட்டர் மாறுவதால் சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது சீட். கட்டைவிரலால் நடுவில் அழுத்துங்கள். அடியில் இருக்கும் தகடு கைக்குத் தட்டினால் ஃபோம் செத்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் இடுப்பு வலி போகாது. முதலில் ஃபோம் மாற்றுங்கள். பலருக்குப் பிரச்சினை அதோடு முடிந்துவிடும்.

செயினைப் பாருங்கள். அதிகமாக இறுக்கிய செயின் பின் ஃபோர்க்கைப் பிடித்து இழுக்கும். பாரம் ஏறி ஃபோர்க் மேலே போகும்போது செயின் இன்னும் இறுகும், சக்கரம் தாராளமாக ஆட முடியாது. பெரும்பாலான சிறிய வண்டிகளில் நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தொய்வு வேண்டும்.

கடைசியாக, சென்டர் ஸ்டாண்டில் போட்டு பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் சக்கர பேரிங்கோ ஃபோர்க் புஷ்ஷோ தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது ஷாக் போட்டால் வளைவில் வண்டி வால் ஆட்டுவது அப்படியே இருக்கும்.

2. பழைய ஷாக்கின் நிலை

ஷாக் தண்டைத் துணியால் துடைத்து ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். மறுபடி எண்ணெய் ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் இதற்கு முக்கியக் காரணம் உப்புக்காற்று. தண்டின் குரோம் பூச்சில் சின்னச் சின்னத் துருப் புள்ளிகள் விழும், ஒவ்வொரு முறை மேலும் கீழும் போகும்போது அவை சீல் ரப்பரைச் சுரண்டும். புள்ளி விழுந்த தண்டில் புது சீல் போட்டால் அதுவும் சீக்கிரமே கிழியும்.

பிறகு சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பலமாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். மேலே வந்து ஒரே தடவையில் நின்றால் டேம்பிங் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெய் அடக்குவது) உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று தடவை ஆடினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. இரட்டை ஷாக்கில் ஒன்று மட்டும் ஒழுகினாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்றால் ஃபோர்க் முறுக்கிக்கொண்டு வேலை செய்யும்.

3. வண்டி எவ்வளவு உட்காருகிறது என்று அளப்பது

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. கால் மணி நேர வேலைதான், ஒரு டேப்பும் உதவிக்கு ஒரு ஆளும் போதும்.

பின் அச்சின் நட்டு மையத்திலிருந்து நேர் மேலே, சீட்டுக்குக் கீழே வண்டியின் உடம்பில் ஒரு புள்ளி. அங்கே சின்ன டேப் துண்டு ஒட்டி அடையாளம் வையுங்கள். மூன்று அளவுகளும் இதே இரண்டு புள்ளிகளுக்கு இடையில்தான் எடுக்க வேண்டும். புள்ளி மாறினால் கணக்கு மொத்தமும் தப்பு.

முதல் அளவு, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது. சென்டர் ஸ்டாண்ட் உள்ள வண்டியில் சுலபம். அது இல்லாத வண்டியை பேடாக் ஸ்டாண்டில் தூக்கி அளக்கிறார்கள். அது தவறு, பேடாக் ஸ்டாண்ட் பின் ஃபோர்க்கின் அடியில்தான் தாங்குகிறது. உடம்பின் எடை அப்போதும் ஷாக் மேலேயே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியை சைடு ஸ்டாண்டின் மேல் ஒருவர் சாய்த்துப் பிடித்து, பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் இன்னொருவர் அளக்க வேண்டும்.

இரண்டாவது, சமதரையில் இரண்டு சக்கரத்திலும் வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது. மூன்றாவது, நீங்கள் வழக்கமாக ஓட்டும் விதத்தில், இரண்டு காலும் ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்கார்ந்திருக்கும்போது. முன்பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தினமும் பை, சாப்பாட்டு டப்பா, ஹெல்மெட் என்று எது உண்டோ அதோடு உட்காருங்கள்.

ஷாக்கின் உள்ளே உராய்வு இருப்பதால் ஒரே தடவை அளந்தால் போதாது. இரண்டாவது, மூன்றாவது அளவுகளை எடுக்கும்போது ஒரு முறை வண்டியை மெல்ல அழுத்தி விட்டு அளக்கவும், இன்னொரு முறை மெல்லத் தூக்கி விட்டு அளக்கவும். இரண்டின் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணம்: தொங்கும்போது 520 மி.மீ., தன் எடையில் 510, நீங்கள் ஏறியதும் 488. அப்படியானால் வண்டி தானாக உட்காருவது 10 மி.மீ., உங்களோடு சேர்ந்து 32 மி.மீ.

4. அந்த அளவு என்ன சொல்கிறது

பின் சக்கரம் மொத்தம் எவ்வளவு தூரம் மேலே போக முடியுமோ, அதில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வண்டியின் எடையும் உங்கள் எடையும் சேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தின் பயணம் 100 மி.மீ. என்றால் 30 முதல் 35 வரை நல்லது. தன் எடையில் மட்டும் உட்காருவது 5 முதல் 15 மி.மீ.க்குள் இருக்கட்டும். மேலே சொன்ன உதாரண வண்டி சரியாகவே இருக்கிறது.

இந்த உட்காரும் இடம் எதற்கு? பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்க அந்த இடம்தான் உதவுகிறது. அது இல்லாவிட்டால் சக்கரம் அந்தரத்தில் போய்த் தொப்பென்று விழும்.

ப்ரீலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே சற்று அமுக்கி வைக்கும் வளையம்) திருப்பி அளவைச் சரிசெய்ய முயலுங்கள். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் கழற்றி வைக்க வேண்டும். ப்ரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று மெக்கானிக்குகளே சொல்வதுண்டு. ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிமன், சுருள் விட்டம், சுருள் எண்ணிக்கை இவற்றால் வருவது. வளையம் திருப்புவதால் மாறுவது வண்டி நிற்கும் உயரம் மட்டுமே.

ஆகவே இப்படிப் படியுங்கள். கடைசிப் படி வரை ஏற்றியும் நீங்கள் ஏறினால் 45 மி.மீ. உட்காருகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை. ப்ரீலோட் ஏற்றி 32க்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், ஆனால் தன் எடையில் வண்டி துளிகூட உட்காரவில்லை என்றாலும் அதே முடிவுதான். எல்லாவற்றையும் இறக்கியும் நீங்கள் ஏறினால் 15 மி.மீ.தான் உட்காருகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம். 55 கிலோ உள்ள ஒருவர் தனியாக ஓட்டும்போது இதைத்தான் பார்ப்பார். நம் ஊர்க் கம்யூட்டர் வண்டிகளைப் பின்னால் ஆளும் மூட்டையும் ஏறும் என்று எண்ணியே தயாரிக்கிறார்கள்.

இன்னொரு குழப்பம் உண்டு. வண்டி முரட்டுத்தனமாக இடிக்கிறது என்றதும் ஸ்பிரிங் கடினம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். மென்மையான ஸ்பிரிங்கும் அதே இடியைத் தரும், ஏனென்றால் ஷாக் முழுக்க அமுங்கி அடியில் இருக்கும் ரப்பரில் போய் மோதும். தண்டு வெளியே தெரியும் ஷாக் என்றால் அதில் மெல்லிய கேபிள் டை ஒன்றைத் தளர்வாகச் சுற்றி சீல் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். தண்டு எவ்வளவு உள்ளே போனது என்று டை நகர்ந்த தூரம் காட்டும். சாதாரண வேகத்தடைக்கே ரப்பர் வரை போயிருந்தால் ஸ்பிரிங் போதவில்லை.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் கேன் கட்டிப் போகிறவர்கள், குளச்சலில் இருந்து மீன் பெட்டி ஏற்றுகிறவர்கள் பாரத்தோடும் ஒருமுறை அளக்க வேண்டும். கேரியரில் வைக்கும் பாரம் பின் அச்சுக்கும் பின்னால் வருவதால் அதே எடையுள்ள ஆள் உட்காருவதைவிட ஷாக்கை அதிகம் அமுக்கும். பாரம் ஏற்றும் நாளுக்கு ஒரு ப்ரீலோட் படி, இறக்கி வரும்போது ஒரு படி என்று குறித்து வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற ஒரு நிமிடம்தான் ஆகும்.

அளவும் சரி, ஆட்டமும் இல்லை என்றால் புது ஷாக் தேவையே இல்லை. காற்றும் சீட்டும் சரிசெய்து ஓட்டுங்கள்.

5. எதை வாங்குவது

முதலில் நீளம். மேல் கண்ணின் (போல்ட் நுழையும் வளையம்) மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம் வரை அளப்பதுதான் ஷாக்கின் நீளம். கழற்றி, தொங்கும் நிலையில் அளந்துகொள்ளுங்கள். புதிதும் அதே அளவாக இருக்கட்டும். "கொஞ்சம் உயரமா இருந்தா கெத்து" என்று 20 மி.மீ. நீளமானதைப் போடுகிறார்கள். பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் செங்குத்தாகிறது, ஹேண்டில் அலைபாயும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும், சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் பின் சக்கரம் தரையைத் தொடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பக்கக் காற்று அடிக்கும்போது ஹேண்டில் அலைபாயும் வண்டியில் இருக்க யாருக்கும் ஆசை வராது.

இரண்டாவது, மாட்டும் இடம். கண்ணின் உள்விட்டம், புஷ்ஷின் அகலம், கீழ்முனை கண்ணா அல்லது கவட்டையா என்று பாருங்கள். ஒத்துப்போகாத புஷ்ஷைத் தட்டி இறக்குவதும், வாஷர் அடுக்கி ஒப்பேற்றுவதும் வேண்டாம்.

மூன்றாவது ஸ்பிரிங். உங்கள் எடை, பின்னால் ஆள் ஏறுவது எவ்வளவு அடிக்கடி, பாரம் உண்டா என்று விற்பவரிடம் சொல்லிக் கேளுங்கள். எந்த எடைக்கு எந்த ஸ்பிரிங் என்று பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாகவும் மறு முனையில் விலகியும் இருப்பவை தொடக்கத்தில் மென்மையாக இருந்து போகப்போகக் கடினமாகும். சில நாள் தனியாகவும் சில நாள் இரண்டு பேராகவும் போகிறவர்களுக்கு என் பரிந்துரை அதுதான்.

நான்காவதாகத்தான் கேஸ். எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்தால் டேம்பிங் குறையும். நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கிறது. கரடான பாதையில் நீண்ட நேரம் ஓட்டும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வீட்டிலிருந்து வடசேரிக்குப் போய்வருகிற அளவுக்கு அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதே பணத்தை ரீபவுண்ட் திருகு (அமுங்கிய ஷாக் திரும்ப எழும்பும் வேகத்தை மாற்றும் திருகு) உள்ள ஷாக்கில் போடுங்கள். டப்பா அலங்காரத்துக்கு மட்டும் ஒட்டப்பட்ட ஷாக்குகளும் சந்தையில் கிடைக்கின்றன. டப்பாவுக்கும் ஷாக்குக்கும் இடையே எண்ணெய் போகும் வழி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்டூரன்ஸ், கேப்ரியல், முஞ்சால் ஷோவா ஆகியவை வண்டி தயாரிப்பாளர்களுக்கே ஷாக் செய்து தரும் நிறுவனங்கள். பழைய ஷாக் நன்றாக இருந்து தேய்ந்துதான் போயிருக்கிறது என்றால், கம்பெனி ஜோடியே புதிதாக வாங்குவது போதும். புது வண்டியில் இருந்த சுகம் அதிலேயே திரும்பும்.

6. கையில் இருக்க வேண்டியவை

ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), ப்ரீலோட் திருப்பும் கொக்கி ஸ்பேனர், கம்பி பிரஷ், கிரீஸ், துரு இளக்கும் ஸ்பிரே, இரண்டு மூன்று மரக்கட்டைகள். உங்கள் மாடலின் நட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்று சர்வீஸ் கையேட்டில் பார்த்து எழுதி வையுங்கள்.

முந்தைய நாள் இரவே நட்டுகளில் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். ஷாக்கின் மேல்முனையை மாட்டும் போல்ட் பல வண்டிகளில் சேஸிலேயே வெல்டு செய்யப்பட்டிருக்கும். உப்பில் பிடித்துப்போன நட்டை ஒரே மூச்சில் திருகி அந்த போல்ட் உடைந்தால், வீட்டு வாசலில் நடக்கிற வேலை லேத்துக்கும் வெல்டிங்குக்கும் போய்விடும்.

7. கழற்றி மாட்டுதல்

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். வாஷர், நட்டு, புடவை கார்டு, கைப்பிடிக் கம்பி எல்லாம் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் போல்ட்டிலேயே கைப்பிடிக் கம்பியும் சேர்ந்து வரும் வண்டிகள் உண்டு. வாஷர் இடம் மாறினால் ஷாக் கோணலாக நிற்கும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்க ஷாக் ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டிருப்பதால் ஓட்டை நேராகவே இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் ஃபோர்க்கும் சக்கரமும் தொங்கிவிடும், பிறகு தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் தேட வேண்டும். ஓட்டை சற்றே விலகியிருந்தால் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகி உயர்த்துங்கள். சுத்தியலால் போல்ட்டைத் தட்டி ஏற்றாதீர்கள், மரை போய்விடும்.

போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் துருப்போகத் தேய்த்து, வழவழப்பான பகுதியில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். மரையில் கிரீஸ் இருந்தால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகும்.

ஸ்டாண்டில் இருக்கும்போது நட்டுகளைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவரை உட்காரவைத்து, அப்புறம் முழு இறுக்கம் கொடுங்கள். கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ் எந்த நிலையில் இறுக்கப்படுகிறதோ அதுவே அதன் இயல்பு நிலையாகிவிடும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ஓட்டும் நேரம் முழுக்க அது முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

இரண்டு பக்கத்து ப்ரீலோட் வளையமும் ஒரே படியில் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம்தான், ஆனாலும் புதிதாகச் செய்பவர்கள் அடிக்கடி தவறவிடுவது இதை.

8. ஒற்றை ஷாக் வண்டி என்றால்

பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தி ஒற்றை ஷாக்கைக் கழற்றினால் வண்டியின் உடம்பு அப்படியே கீழே உட்கார்ந்துவிடும். கை நசுங்கும். சேஸைத் தனியாக, மேலிருந்து கட்டியோ எஞ்சினுக்குக் கீழே உறுதியான இடத்தில் ஜாக்கி கொடுத்தோ தாங்க வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் இந்த ஒரு வேலையை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அளவெடுப்பதையும் செட்டிங்கையும் நீங்களே செய்யலாம்.

வேறு மாடலின் ஸ்பிரிங் கடின அளவை இங்கே பயன்படுத்தவும் முடியாது. சக்கரம் நகரும் தூரத்துக்கும் ஷாக் அமுங்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம் வண்டிக்கு வண்டி மாறும். கேஸ் ஷாக்கை வீட்டில் பிரிக்கவோ சூடாக்கவோ வேண்டாம், உள்ளே அதிக அழுத்தம் இருக்கிறது.

9. முதல் ஓட்டத்துக்கு முன்

பின்னால் இரண்டு பேரை உட்காரவைத்து அமுக்கிப் பாருங்கள். மட்கார்டில் டயர் தட்டுகிறதா, கேஸ் டப்பா புடவை கார்டிலோ சைடு பாக்ஸிலோ உரசுகிறதா, செயின் கார்டு தட்டுகிறதா? செயின் தொய்வை மறுபடி அளங்கள். பின்பக்க உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட் வெளிச்சம் விழும் இடமும் மாறியிருக்கும், சரிசெய்துவிடுங்கள்.

பிறகு 3ஆம் படியில் சொன்ன அளவுகளை முதலிலிருந்து எடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். 500 ஓடியதும் உட்காரும் அளவையும் ஒருமுறை பாருங்கள், புது ஸ்பிரிங்கும் சீலும் அதற்குள் படிந்திருக்கும்.

10. செட்டிங்

வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் பாதை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வேகத்தடை, ஒட்டுப்போட்ட தார், ஒரு வளைவு இருந்தால் போதும். எப்போதும் அதே பாதை, அதே வேகம், அதே டயர் காற்று. இன்று தக்கலைச் சாலை, நாளை குலசேகரம் மலைப்பாதை என்று மாற்றினால் ஷாக்கால் வந்த வித்தியாசம் எது, சாலையால் வந்தது எது என்று பிரிக்க முடியாது.

முதலில் ப்ரீலோட், அளவை வைத்து. அதன் பிறகு ரீபவுண்ட். திருகை வலப்பக்கமாக முழுக்க மூடி, அங்கிருந்து திறக்கும் கிளிக்குகளை எண்ணி எழுதுங்கள். இரண்டு கிளிக் மாற்றி ஒரு சுற்று ஓட்டுங்கள்.

வேகத்தடை தாண்டியதும் சீட் உங்களைத் தூக்கி எறிந்தால் ரீபவுண்ட் போதவில்லை, இரண்டு கிளிக் மூடுங்கள். முதல் மேடு சுகமாக இருந்து, அடுத்தடுத்து வரும் மூன்றாவது நான்காவது மேட்டில் இடிக்க ஆரம்பித்தால் ரீபவுண்ட் அதிகம். ஷாக் எழும்பி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது, ஒவ்வொரு மேட்டுக்கும் அது இன்னும் தாழ்ந்துகொண்டே போகிறது. சந்திப்புகளுக்கு முன் வரிசையாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகளில் இதைத் தெளிவாக உணரலாம். அப்போது இரண்டு கிளிக் திறங்கள்.

கம்ப்ரஷன் திருகும் (ஷாக் அமுங்கும் வேகத்தை மாற்றுவது) இருந்தால் அதைக் கடைசியாகத் தொடுங்கள், ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்ற வேண்டாம். எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

11. மழையும் உப்பும்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. சேறு தண்டில் காய்ந்து நின்றால் மணல் தாளைப் போல சீலைத் தேய்க்கும். மழையில் ஓட்டிய அன்றே சாதாரண நீரில் கழுவி, தண்டை மென்துணியால் துடையுங்கள். அதிக அழுத்த வாட்டர் சர்வீஸ் பீச்சலை சீலுக்கு நேராகக் காட்டச் சொல்லாதீர்கள், தண்ணீர் உள்ளே போகும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவதோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேல், கீழ் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி கிரீஸ் பூசி மாட்டிவிடுங்கள். ப்ரீலோட் வளையத்தையும் அப்போது ஒரு சுற்று திருப்பிப் பழைய படிக்கே கொண்டுவாருங்கள். வருடக்கணக்கில் தொடாமல் விட்ட வளையம் துருவில் இறுகிவிடும். பிறகு கொக்கி ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி உடையும்.